சுசீந்திரம்–தேரூர் குளங்கள்

சுசீந்திரம்–தேரூர் குளங்கள் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தில், நாகர்கோவில் மாநகரின் கிழக்கிலும் தென்கிழக்கிலும் அமைந்த பாசனக் குளங்கள். இவற்றையும் பழையாறு கடலில் கலக்கும் மணக்குடிக் காயலையும் சேர்த்து, 2015ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ‘சுசீந்திரம்–தேரூர்–மணக்குடி பாதுகாப்புக் காப்பகம்’ என அறிவித்தது. காப்பகத்தின் மொத்தப் பரப்பு 4.84 சதுர கி.மீ. இதில் குளங்கள் அடங்கிய 94.23 ஹெக்டேர் பகுதி 2022 ஏப்ரல் 8ஆம் நாளிலிருந்து ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக உள்ளது.

இதே மாவட்டத்தின் வடபகுதியில் மலைக்காடுகளை உள்ளடக்கிய கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்தின் பரப்பு 402.39 சதுர கி.மீ. அதனோடு ஒப்பிட்டால் இந்தக் காப்பகம் ஒரு கைப்பிடி அளவுதான். வேலியும் கிடையாது, நுழைவாயிலும் கிடையாது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், சுசீந்திரம் வரும் முன்பே தாமரை இலைகளுக்கு நடுவே நாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். பார்க்கிறவர்களில் பெரும்பாலானோர் அது சட்டப்படி காக்கப்பட்ட இடம் என்று அறியாமலே கடந்து போகிறார்கள். வேடந்தாங்கல் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் சரியாகச் சொல்லும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கும், தங்கள் ஊர்க் குளம் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது தெரிவதில்லை.

பெயரும் பழமையும்

நாஞ்சில் நாடு என்பது இன்றைய தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களைக் குறிக்கும். இங்கே ‘ஏரி’ என்ற சொல் வழக்கில் இல்லை. பெரிதானாலும் சிறிதானாலும் குளம்தான். மாவட்டம் முழுவதும் 2,000க்கும் மேற்பட்ட குளங்கள் கணக்கில் உள்ளன. ஊர்ப் பெயர்களே பல குளத்தில் முடிகின்றன.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலால் பெயர்பெற்றது. இந்திரன் இங்கே வழிபட்டுத் தூய்மை அடைந்தான் என்ற தலபுராணக் கதையால் ‘சுசி’, ‘இந்திரன்’ என்ற சொற்களைச் சேர்த்து ஊர்ப்பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். கோயிலின் வரலாற்றை, நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த வரலாற்றறிஞர் கே.கே. பிள்ளை 1953இல் ஆங்கிலத்தில் தனி நூலாகவே வெளியிட்டிருக்கிறார். தேரூர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்த ஊர். இரண்டும் இன்று பேரூராட்சிகள்.

குளங்களின் வயதைச் சரியாகச் சொல்ல ஒரே ஒரு கல்வெட்டோ ஆண்டோ போதாது. ராம்சர் அறிவிப்பின்போது இந்திய அரசு வெளியிட்ட குறிப்பில், இப்பகுதியைப் பற்றிய 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டில் பசுங்குளம், வெஞ்சிக்குளம், பெருங்குளம் உள்ளிட்ட குளங்களின் பெயர்கள் வருவதாகச் சொல்லப்பட்டுள்ளது. குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாக இங்கே நீரைத் தேக்கி நெல் விளைவித்திருக்கிறார்கள் என்பதற்கு அது போதும். இயற்கைக் காப்பகம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் கை படாத இடம் என்று நினைத்துக்கொள்வோம். இந்தக் குளங்களில் மனிதர் கை படாத இடமே இல்லை. கரை, மடை, மறுகால், வரத்துக்கால் எல்லாமே உழவர்கள் நெல்லுக்காக வெட்டியவை. பறவை பிறகு வந்தது, வந்தபின் போகவில்லை.

நீர் வரும் வழி

பழையாறு நாஞ்சில் நாட்டின் உயிராறு. மாவட்டத்தின் வடகிழக்கு மலைகளில் சுருளோடு பக்கத்தில் உருவாகி, நாகர்கோவிலையும் சுசீந்திரத்தையும் தொட்டு மணக்குடியில் அரபிக்கடலில் சேருகிறது. வழியில் பல அணைக்கட்டுகள். ஒவ்வோர் அணையிலிருந்தும் கால் பிரிந்து குளங்களுக்குப் போகும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்நீர் அடுத்த குளத்துக்கோ, கீழே உள்ள வயலுக்கோ, திரும்ப ஆற்றுக்கோ சேரும்.

பழையாற்றுக்குச் சொந்த நீர் போதாது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர். மேற்கேயுள்ள பறளியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் ‘பாண்டியன் கால்’ ஒரு பாண்டிய மன்னன் வெட்டியது என்பது வழிவழி வந்த செய்தி. பின்னர் திருவிதாங்கூர் அரசு, மூலம் திருநாள் காலத்தில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டி 1906இல் முடித்தது. அலெக்சாண்டர் மிஞ்சின் என்ற பொறியாளர் அதைக் கட்டினார். அதற்குப் பிறகுதான் நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்கு இருபூ விளைச்சலுக்கான நீர் ஓரளவு உறுதியானது. இன்றும் சுசீந்திரம் குளத்தில் ஒரு நாரை நிற்பதற்கும், மேற்கு மலையில் ஓர் அணையின் மதகு எப்போது திறக்கிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இருபூ என்றால் கன்னிப்பூ, கும்பப்பூ. மலையாள ஆண்டுக் கணக்கில் மாதங்களுக்கு ராசிகளின் பெயர். கன்னி நம் புரட்டாசி, கும்பம் மாசி. அந்தந்த மாதத்தை ஒட்டி அறுவடையாகும் பயிருக்கு அந்தப் பெயர். தென்மேற்குப் பருவமழையும் அணை நீரும் கன்னிப்பூவுக்கு. வடகிழக்குப் பருவமழையும் குளத்து நீரும் கும்பப்பூவுக்கு. இரண்டு மழைக்காலங்களின் பயனும் கிடைக்கும் மண் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

இந்தப் பயிர்ச் சுற்றே பறவைகளின் நாட்காட்டியாகவும் இருக்கிறது. தொழி அடிக்கும்போது கிளம்பும் புழு பூச்சிகளுக்காகக் கொக்குகள் உழவுமாட்டின் பின்னாலும், இப்போது டிராக்டரின் பின்னாலும் நடக்கின்றன. நாற்று நட்ட வயலில் நத்தைகுத்தி நாரைக்கு நத்தை கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் குளங்கள் நிறையும்போது வடக்கேயிருந்து வாத்துகள் வந்து சேர்கின்றன. கும்பப்பூவுக்காக மடையைத் திறந்து நீரை இறக்க இறக்க, குளத்தின் ஓரங்களில் சேறும் ஆழமில்லாத நீரும் வெளிப்படும். உள்ளான்களுக்கு அதுவே விருந்து. பங்குனியில் நீர் வற்றிக் குளத்தின் நடுவில் மீன்கள் ஒடுங்கும்போது, கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் கூட்டமாக இறங்கும்.

ஒரே குளத்தில் இத்தனை வகைப் பறவைகள் எப்படிச் சண்டையில்லாமல் மேய்கின்றன என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. விடை கால்களிலும் அலகுகளிலும் இருக்கிறது. சிறிய உள்ளான் கணுக்கால் அளவு நீரில்தான் நிற்கும். பவளக்கால் உள்ளானுக்குக் கால் நீளம். அது இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். நாரை முழங்கால் நீரில். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் மிதந்தபடி தலையை மட்டும் கவிழ்த்து எட்டும் ஆழத்தில் இரை தேடும். நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆழமான நீரில் மூழ்கி மீன் பிடிக்கும். கரையிலிருந்து நடுவரை மெல்லச் சரியும் குளத்தில் இவை எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பொக்லைன் இயந்திரத்தால் தொட்டிபோல் ஒரே ஆழத்துக்குத் தோண்டிய குளத்தில் நீர்க்காகத்துக்கு மட்டுமே இடம் இருக்கும். குடிமராமத்து என்ற பழைய பெயரில் 2017இல் அரசு குளங்களைத் தூர்வாரும் திட்டத்தைத் தொடங்கியபோது பல ஊர்களில் நல்ல வேலை நடந்தது. இந்தச் சரிவு என்ற ஒன்றையும் கணக்கில் எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பறவைகள்

அரசுக் குறிப்பின்படி இப்பகுதியில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. அவற்றில் 53 வலசை வருபவை. 12 அகணிய வகைகள். 4 அழிவை எதிர்நோக்குபவை. மத்திய ஆசிய வலசைப் பாதையின் இந்தியத் தென்முனை இது. இதற்குத் தெற்கே செல்ல விரும்பும் பறவை கடலைத் தாண்டி இலங்கைக்குத்தான் போக வேண்டும். பறவைகளுக்கான சிறப்பிடமாகவும் இது பட்டியலிடப்பட்டுள்ளது.

நீலத் தாழைக்கோழி, சீழ்க்கைச்சிறகி, மீசை ஆலா, பொரி உள்ளான் ஆகியவற்றைப் பருவத்தில் எளிதாகக் காணலாம். இவற்றில் நின்று பார்க்க வேண்டியது நீளவால் இலைக்கோழி. இதன் விரல்கள் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம். உடல் எடை பரவலாகப் பகிரப்படுவதால் தாமரை இலைமேல் நடந்தாலும் இலை அமிழ்வதில்லை. முட்டையிடுவதும் மிதக்கும் இலைகளின் மேல்தான். பெட்டை முட்டையிட்டுவிட்டு வேறு சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் சேவலின் வேலை. மருமக்கள் வழி வழக்கில் இருந்த நாட்டில் இந்தப் பறவைக்கு நல்ல இடம்தான் கிடைத்திருக்கிறது.

தாமரை

குளங்களில் தாமரை வளர்ப்பது இங்கே நல்ல வருமானம் தரும் தொழில். பூக்கள் தோவாளைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கேரளக் கோயில்கள்வரை செல்கின்றன. தாமரையும் பறவையும் ஓரளவுவரை நண்பர்கள். இலையின் அடியில் மீன்குஞ்சும் நத்தையும் ஒதுங்கும். இலைக்கோழிக்கு அது வீடு. ஆனால் குத்தகை எடுத்தவர் குளம் முழுவதும் கொடி பரவ வேண்டும் என்று விரும்புவது இயல்பு. திறந்த நீர்ப்பரப்பு குறைந்தால் வாத்துகள் இறங்க இடமில்லை. தாழைக்கோழி இளந்தளிரைக் கொத்தித் தின்பதால், குத்தகைக்காரர்கள் வெடி வெடித்து விரட்டுவதும் நடந்திருக்கிறது. மீன் குத்தகைக்காரருக்கு நீர்க்காகத்தின்மேல் இதே வருத்தம். உழவருக்கோ, மடை திறக்க வேண்டிய நாளில் நீர் இறங்கினால் மீனும் தாமரையும் போய்விடும் என்று பிறர் தடுப்பதில் வருத்தம்.

இதில் யாரையும் வில்லனாக்கிப் பேசுவது சரியில்லை. ஒரே நீரை நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்கிறார்கள். நான்காவது ஆளுக்கு வாய் இல்லை. குளத்தின் எந்தப் பகுதியில் தாமரை, எந்தப் பகுதி திறந்த நீர் என்று எல்லை பிரித்துக் குத்தகை விடுவது முடியாத செயலன்று.

சட்டப் பாதுகாப்பு

‘பாதுகாப்புக் காப்பகம்’ என்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட புதிய வகை. தேசியப் பூங்காவும் சரணாலயமும் மக்களின் புழக்கத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும். காப்பகம் அப்படியன்று. அரசுக்குச் சொந்தமான நிலத்தை, அந்தப் பகுதி மக்களைக் கலந்து பேசிய பிறகு, அவர்களுடைய உரிமைகளைப் பறிக்காமல் காப்பதற்கான ஏற்பாடு அது. இந்தியாவிலேயே முதன்முதலில் இவ்வகையில் அறிவிக்கப்பட்ட இடம் பக்கத்துத் திருநெல்வேலி மாவட்டத்தின் திருப்புடைமருதூர். தாமிரபரணிக் கரையில் கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் பறவைகள் கூடுகட்டும் சிறிய இடம், 2005இல் அறிவிக்கப்பட்டது. நெல் விளையும் ஊர்களுக்கு நடுவே உள்ள குளங்களுக்கு இந்த வகையே பொருந்தும்; சரணாலயம் என்று அறிவித்திருந்தால் மடை திறப்பதற்கே அனுமதி தேடி அலைய வேண்டியிருந்திருக்கும்.

சட்டத்தின் 36-பி பிரிவு காப்பகத்துக்கு ஒரு மேலாண்மைக் குழுவைச் சொல்கிறது. வனத்துறை அலுவலர், உள்ளூர் ஊராட்சிகளின் பிரதிநிதிகள், வனவிலங்குப் பாதுகாப்பில் ஈடுபட்ட தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூவர், வேளாண்மைத் துறையிலிருந்தும் கால்நடைத் துறையிலிருந்தும் ஒவ்வொருவர். இந்தப் பட்டியலைப் படிக்கும் நாஞ்சில் நாட்டார் எவரும் உடனே கேட்கக்கூடிய கேள்வி, மடையைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் உள்ள பாசனத் துறை எங்கே என்பது. சட்டம் எழுதியவர்கள் காட்டோரத்து நிலங்களை மனத்தில் வைத்து எழுதினார்கள் போலும். குளம் அவர்கள் கண்ணில் படவில்லை.

ராம்சர் உடன்படிக்கை 1971 பிப்ரவரி 2ஆம் நாள் ஈரானில் காஸ்பியன் கடலோர நகரமான ராம்சரில் கையெழுத்தானது. இந்தியா 1982இல் சேர்ந்தது. தமிழ்நாட்டில் நீண்ட காலம் கோடியக்கரை மட்டுமே அப்பட்டியலில் இருந்தது (2002). விடுதலையின் 75ஆம் ஆண்டில் 75 இடங்கள் என்ற எண்ணிக்கையை எட்டியபோது, 2022 ஆகஸ்டில் இக்குளங்களின் சேர்க்கை அறிவிக்கப்பட்டது. இதே மாவட்டத்தில் இராஜாக்கமங்கலம் பகுதியிலுள்ள வேம்பனூர் குளமும் அவ்வாண்டில் சேர்ந்தது. அதன் பரப்பு 19.75 ஹெக்டேர், மிகச் சிறியது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த இமாசலப் பிரதேச ரேணுகா ஏரியின் 20 ஹெக்டேரைவிடவும் சற்றுக் குறைவு.

ராம்சர் உடன்படிக்கை ஈரநிலத்தைப் பூட்டி வைக்கச் சொல்வதில்லை. ‘அறிவார்ந்த பயன்பாடு’ என்பதே அதன் அடிப்படைக் கருத்து. நெல்வயலையும் பாசனக் காலையும்கூட அது மனிதர் உருவாக்கிய ஈரநில வகையாக ஏற்கிறது. 2008இல் தென்கொரியாவின் சாங்வோன் நகரில் கூடிய மாநாட்டில் நெல்வயல்களின் உயிர்வளத்தைப் பற்றித் தனித் தீர்மானமே நிறைவேறியது.

இந்திய விதிகள் வேறு வழியில் போகின்றன. 2010ஆம் ஆண்டு ஈரநில விதிகள் குளங்களையும் மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற சொல்லுக்குள் வைத்திருந்தன. அவற்றுக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டு விதிகள், பாசனத்துக்கென்றே அமைத்த நீர்நிலைகளை ஈரநிலத்தின் வரையறையிலிருந்து நீக்கிவிட்டன. ராம்சர் பட்டியலில் சேர்ந்துவிட்ட இடங்களுக்கு அவ்விதிகளின் காப்பு உண்டு. ஆகவே சுசீந்திரமும் தேரூரும் வேம்பனூரும் தப்பின. இவற்றுக்கு நீர் கொண்டுவரும் மேற்குளங்களும், இவற்றிலிருந்து நீர் பெறும் வயல்களும் அந்தக் காப்புக்கு வெளியே நிற்கின்றன. 2007ஆம் ஆண்டு தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறைக் குளங்களின் எல்லையைக் காக்கிறது. கரைக்கு அப்பால் உள்ள வயலை அதுவும் தொடுவதில்லை.

வயலும் சாலையும்

உண்மையான இடர் குளத்துக்கு உள்ளே இல்லை, சுற்றிலும்தான். நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானது. நகரம் பெருகும் திசைகளில் ஒன்று சுசீந்திரம் சாலை. நெல் கட்டுபடியாகாதபோது வயலில் மண்ணைக் கொட்டித் தென்னையோ வாழையோ வைப்பார்கள். சில ஆண்டுகளில் அது மனைகளாகும். ஓர் ஏலாவின் நடுவே நான்கு வயல் மேடானால், கடைசி வயலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் அடைபட்டு, விருப்பமில்லாதவரும் நெல்லை விட வேண்டிவரும். வயல்கள் இல்லாமல் போன குளத்துக்கு மடை எதற்கு, வரத்துக்கால் எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். கால் தூர்ந்தால் குளம் மழைநீரை மட்டும் நம்பி நிற்கும். அப்போது அதில் தேங்குவது பெரும்பாலும் நகரத்தின் சாக்கடையாகவே இருக்கும். பழையாற்றில் நகரக் கழிவுநீர் கலப்பதும், ஆகாயத்தாமரை படர்வதும் இப்போதே கண்கூடு.

மாவட்டத்தில் நான்குவழிச் சாலை அமைத்தபோது பல குளங்களுக்குள் மண் நிரப்பியது பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. உழவர் அமைப்புகளும் இயற்கை ஆர்வலர்களும் கேட்டது சாலையே வேண்டாம் என்பதை அன்று. குளம் வரும் இடங்களில் மண் மேட்டுக்குப் பதில் தூண்கள்மேல் பாலம் வேண்டும் என்பதை. தூண்களுக்கு நடுவே நீர் போகும். மண் மேடு குளத்தை இரண்டாகப் பிரித்துவிடும். பாதிக்கு வரத்துக்கால் இருக்கும், மற்றப் பாதிக்கு மடை இருக்கும்.

மணக்குடி

காப்பகத்தின் கடைமுனை மணக்குடிக் காயல். மழைக்குறைவான மாதங்களில் கடல் மணல் குவிந்து பொழிமுகம் அடைபடும். வெள்ளம் வந்தால் உடையும். நன்னீரும் உப்புநீரும் மாறிமாறி வருவதால் இங்கே மேலே உள்ள குளங்களில் காணாத பறவைகள் உண்டு. பூநாரைகள் வருவது இந்தக் காயலுக்கும் அருகிலுள்ள உப்பளங்களுக்கும்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. இரு ஊர்களிலும் பெரும் உயிரிழப்பு. அதன் பிறகு காயலோரத்தில் அலையாத்தி மரங்களை நட்டு வளர்க்கும் பணிக்கு வேகம் வந்தது.

பார்க்கச் செல்வோருக்கு

சுசீந்திரம் நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 6 கி.மீ., கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ 13 கி.மீ. தொலைவு. பேருந்து வசதிக்குக் குறைவில்லை. நாகர்கோவில்–கன்னியாகுமரி இருப்புப்பாதையில் சிறு நிலையமும் உண்டு. நவம்பரிலிருந்து மார்ச்வரை நல்ல காலம். காலை ஒன்பது மணிக்குள் பார்த்துவிட வேண்டும். பிறகு வெயிலில் நீர் மினுங்கி எதுவும் தெரியாது. நெடுஞ்சாலையோரம் வண்டிகள் வேகமாக வருவதால், குழந்தைகளை அழைத்துச் செல்வோர் தேரூர்க் குளத்தின் பக்கம் போவது நல்லது. அங்கே கரையிலிருந்து ஒருபுறம் குளத்தையும் மறுபுறம் வயலையும் சேர்த்துப் பார்க்க முடியும். காலையில் குளத்தில் நின்ற அதே நாரை சற்று நேரத்தில் எழுந்து கரையைத் தாண்டி வயலில் இறங்குவதைக் குழந்தைகளே கண்டு சொல்வார்கள்.